ஏழு இடம் காட்டும் வேனா, நாலு இடம் காட்டும் வேனா? அம்மாவோடு ஒருநாள் மலைப் பயணம்

சாரல் எழுதியது:

அம்மாவுக்கு 68 வயது. இடது முழங்காலில் தேய்மானம். வளைவுப் பாதை என்றால் மூன்றாவது வளைவிலேயே முகம் வெளுத்துவிடும். அதனாலேயே பல வருடமாக மலைப் பக்கம் போனதில்லை. ஆனால் அருவி என்றால் அவருக்கு உயிர். அப்பா ஒரு காலண்டரில் வந்த அருவிப் படத்தை வெட்டி பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தார். "ஒருநாள் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. படம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, ஓரமெல்லாம் மஞ்சளாகி. போன மாதம் அம்மா தானாகவே கேட்டார்: "நாம ரெண்டு பேரும் போயிட்டு வரலாமா?"

எனக்குக் கார் ஓட்டத் தெரியும், மலையில் ஓட்டிப் பழக்கம் இல்லை. அதனால் சின்னக் குழுவாகக் கூட்டிப்போகும் ஒருநாள் சுற்றுலா பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரே மலைக்கு இரண்டு கிடைத்தன. ஒன்று 12 பேர் வேன்: மூன்று அருவி, நான்கு வியூ பாயின்ட், மொத்தம் 11 மணி நேரம். இன்னொன்று 8 பேர்: இரண்டு அருவி, இரண்டு வியூ பாயின்ட், 10 மணி நேரம். இரண்டாவதற்குக் கட்டணம் கூடுதல்.

இத்தனை வருடம் கழித்துப் போகிறார், கூடுதல் இடம் பார்த்தால் நல்லதுதானே என்று மனது ஏழு இடம் காட்டும் வேன் பக்கம் சாய்கிறது. ஆனால் அவர் உடம்பு தாங்குமா? வேனில் எங்கே உட்கார வைப்பது, படிக்கட்டு இருந்தால் என்ன செய்வது, மூடுபனி வந்து ஒன்றுமே தெரியாமல் போய்விடுமா? இப்படிப் போய் வந்தவர்கள் சொல்லுங்கள். திரும்பத் திரும்பப் போகக்கூடிய பயணம் இல்லை இது, அதனால்தான் இவ்வளவு யோசிக்கிறேன்.

---

வளைவுக்காரன் எழுதியது:

தங்கச்சி, பதினாலு வருஷம் இந்த மாதிரி வேன்தான் ஓட்டினேன். வண்டி ஓட்டுறதும் நான்தான், இடத்தைப் பத்திச் சொல்றதும் நான்தான். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் விட்டுட்டேன். அம்மாவைக் கூட்டிட்டுப் போறீங்க, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

முதல்ல கணக்கைப் பாருங்க. 11 மணி நேரம்னா 660 நிமிஷம். மலை ஏறி இறங்க ரெண்டு ரெண்டு மணி நேரம்னு வச்சுக்கிட்டா 240 போச்சு. சாப்பாட்டுக்கு 45. ஏழு இடத்துக்கு நடுவுல ஆறு தடவை வண்டி எடுக்கணும், தடவைக்கு 20 நிமிஷம்னா 120. இப்போ யாரும் கணக்குல சேர்க்காத ஒண்ணு இருக்கு. 12 பேரு இறங்கி, ஏறி, ஒருத்தர் பாத்ரூம் போயி, ஒருத்தர் தொப்பியை விட்டுட்டு வந்து திரும்ப ஓடி, எல்லாரும் உட்கார்ந்து கதவைச் சாத்த எனக்கு எப்பவும் 12 நிமிஷம் ஆகும். ஏழு இடத்துக்கு 84. மிச்சம் இருக்கறது 171 நிமிஷம். ஏழால வகுத்துப் பாருங்க, ஒரு இடத்துக்கு 24 நிமிஷம். அருவிக்குப் படி இறங்கணும்னா அந்த 24-ம் படியிலயே போயிடும்.

எட்டுப் பேரு, நாலு இடம், 10 மணி நேரம்னா, ஏறி இறங்க 12-க்குப் பதிலா 8 நிமிஷம்னு வச்சு அதே மாதிரி போட்டா ஒரு இடத்துக்கு 55 நிமிஷம் வருது. உங்க அம்மா இறங்கி, மூச்சு வாங்கி, ஒரு கல்லுல உட்கார்ந்து, அருவியைப் பார்க்க ஆரம்பிக்கவே 20 நிமிஷம் ஆகும். பார்க்க ஆரம்பிக்கிற நேரத்துல "கிளம்பலாமா"ன்னு கூப்பிடற வேலையைப் பதினாலு வருஷத்துல நானே எத்தனையோ தடவை செஞ்சிருக்கேன். வயசானவங்க முகத்துல அப்போ வர்ற ஒரு அவசரம் இருக்கே, அது எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு. நாலு இடத்துக்கே போங்க.

ஆனா பதிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கண்டிப்பா கேளுங்க: "எந்த இடத்துக்கு முதல்ல போவீங்க, ஏன்?" ஏன்ங்கறதுக்குப் பதில் சொல்லத் தெரிஞ்சவங்க கூடப் போங்க.

காரணம் சொல்றேன். காத்து அடங்கின, வானம் தெளிஞ்ச ராத்திரியில குளிர்ந்த காத்து கனம் கூடி சரிவுல இறங்கிப் பள்ளத்தாக்குல தேங்கும். அங்கதான் மூடுபனி பிடிக்கும். விடியக்காலையில மேலே வியூ பாயின்ட்ல நின்னா பனி காலுக்குக் கீழே பஞ்சுக் கடலாட்டம் கிடக்கும், தூரத்து மலை எல்லாம் தீவு மாதிரி நிக்கும். வெயில் ஏற ஏறச் சரிவு சூடாகி, காத்து மேல் நோக்கி வர ஆரம்பிக்கும். ஈரக்காத்து மேலே வந்து குளிர்ந்தா மேகம். பதினொண்ணு, பன்னெண்டு மணிக்கெல்லாம் காலையில நீங்க நின்ன அதே கைப்பிடிக் கம்பியைச் சுத்தி வெள்ளையா மூடிக்கும். மழை சீசன் ஒட்டின மாசங்கள்ல மத்தியானத்துக்கு மேலே இடியும் சேர்ந்துக்கும். அதனால பொதுவா வியூ பாயின்ட் முதல்ல, அருவி பின்னாடி. அருவிக்கு மேகம் வந்தாலும் குறை இல்லை, இன்னும் சொன்னா மேகமூட்டத்துல வெள்ளைத் தண்ணி கண்ணைக் கூசாம ஒவ்வொரு இழையும் தெரியும்.

அருவியிலயும் ஒவ்வொண்ணுக்கும் ஒரு முகம் உண்டு. கிழக்கு பார்த்தது காலையில மினுங்கும். ஆழமான இடுக்குக்குள்ள விழறதுக்கு உச்சி வெயில்தான் எட்டும். வானவில் வேணும்னா சூரியன் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கணும். கீழே நின்னு அண்ணாந்து பார்க்கிற இடமா இருந்தா சூரியன் 42 டிகிரிக்கு மேலே ஏறியிருக்கக் கூடாது. நான் ஓட்டின பாதையில ஒரு அருவிக்கு மாலை நாலு மணிக்குக் கொண்டுபோய் நிறுத்தினா சரியா அடிவாரத்துல வில்லு விழும். அதுக்காகவே வரிசையை மாத்தி வச்சிருந்தேன்.

சின்னக் குழுவோட நிஜமான லாபம் இன்னொண்ணு. ஒரு தடவை ஏழு பேரோட போனேன். வியூ பாயின்ட் முழுக்க மூடிக் கிடந்தது, பக்கத்துல நிக்கிறவங்க முகம்கூட மங்கல். காத்து மேற்கிலிருந்து திரும்பறது தெரிஞ்சது. "காத்திருந்தா திறக்க வாய்ப்பு இருக்கு, உறுதி சொல்ல முடியாது, அடுத்த இடத்துல நேரம் குறையும்"னு சொல்லி ஏழு பேரையும் கேட்டேன். எல்லாரும் சரின்னாங்க. 40 நிமிஷம் நின்னோம். திரை விலகற மாதிரி திறந்துச்சு, எதிர்ச் சரிவுல ஒரு அருவி நூல் மாதிரி இறங்குது, கீழே ஆறு. ஆறு நிமிஷத்துல மறுபடி மூடிக்கிச்சு. பன்னெண்டு பேரையும் ஏழு இடத்தையும் வச்சுக்கிட்டு அந்த 40 நிமிஷத்தை என்னால கொடுத்திருக்கவே முடியாது.

வாந்தி விஷயம். உள் காது "ஆடுறோம்"னு சொல்லுது, வண்டிக்குள்ள இருக்கற சீட்டைப் பார்த்துக்கிட்டிருக்கிற கண் "இல்லை"ன்னு சொல்லுது. அந்தச் சண்டைதான் குமட்டல். அம்மாவை முன் சீட்டுல உட்கார வைங்க, பதிவு பண்ணும்போதே எழுதி வாங்கிடுங்க. முன் சீட்டு கிடைக்கலைன்னா பின் சக்கரத்துக்கு முன்னாடி வரிசை. பின் சக்கரத்துக்கும் பின்னால உள்ள சீட்டு வளைவுல வீசும், தூக்கிப் போடும், அது வேண்டவே வேண்டாம். போன் பார்க்க வேண்டாம், பாதையையும் தூரத்தையும் பார்க்கச் சொல்லுங்க. வண்டி ஓட்டறவனுக்கு ஏன் வாந்தி வர்றதில்லை தெரியுமா? அடுத்த வளைவு எந்தப் பக்கம்னு அவன் உடம்புக்கு முன்னாடியே தெரியும். அதனால நீங்க பக்கத்துல இருந்து "இப்போ வலப்பக்கம் திரும்புது"ன்னு மெதுவாச் சொல்லிக்கிட்டே வந்தாலே பாதி குறையும். நான் ஓட்டும்போது அப்படித்தான் சத்தமாச் சொல்லுவேன். வெறும் வயிறும் ஆகாது, முட்டச் சாப்பிட்டதும் ஆகாது.

மாத்திரை போடறதா இருந்தா டாக்டரைக் கேட்டுட்டு, வண்டி ஏறுறதுக்கு முன்னாடியே போடணும். குமட்டல் வந்த பிறகு போட்டுப் பிரயோஜனம் கம்மி. இன்னொண்ணும் கேட்டுக்கோங்க: அந்த வகை மாத்திரை நிறைய தூக்கம் வரவைக்கும், வயசானவங்களுக்கு நடை தள்ளாடும். ஈரப்படியில அது ஆபத்து.

---

மெல்லநட எழுதியது:

எனக்கும் இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வயது 61. அதனால் படிக்கட்டு பற்றி மட்டும் எழுதுகிறேன், மற்றதை வளைவுக்காரன் அண்ணன் அழகாகச் சொல்லிவிட்டார்.

மலை ஏறும்போது களைத்தால் பாதியில் திரும்பிவிடலாம், திரும்பும் வழி இறக்கம். அருவி அப்படி இல்லை. வண்டி பெரும்பாலும் மேலே நிற்கும், அருவியின் அடி கீழே இருக்கும். முதலில் இறங்கிவிடுகிறோம், ஏறுவது களைத்த பிறகு. போதாததற்கு முழங்காலுக்கு இறக்கம்தான் எமன். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகும். இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் உடம்பின் மொத்தப் பாரத்தையும் மடங்கிய மூட்டு தாங்க வேண்டும். வலி அன்று ராத்திரிதான் முழுசாகத் தெரியும்.

போனில் கேட்கும்போது "நடக்க எளிதா?" என்று கேட்காதீர்கள். எளிதுதான் என்பார்கள். எத்தனை படி, கைப்பிடி இருக்கிறதா, நடுவில் உட்கார இடம் இருக்கிறதா, படி எப்போதும் ஈரமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். எண்ணிக்கை சொல்லத் தெரியாவிட்டால் அவர்கள் சமீபத்தில் அந்தப் படியில் இறங்கவில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன்.

கைத்தடி வாங்கிக்கொடுங்கள். வலி இடது காலில் என்றால் தடி வலது கையில் இருக்க வேண்டும். வலிக்கிற பக்கமே தடி பிடிப்பவர்கள் ஏராளம், நானே இரண்டு வருடம் அப்படித்தான் நடந்தேன். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில், தடி அதோடு சேர்ந்து. வீட்டு வாசல்படியிலேயே ஒரு வாரம் பழகச் சொல்லுங்கள். அடிப்பாகம் தேய்ந்த செருப்பு கூடவே கூடாது. பாசிக்கல்லில் புது ஷூவே வழுக்கும்.

ஒரு மெல்லிய கம்பளிச் சட்டையும் ரெயின்கோட்டும் வையுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். அதற்கு மேல் சாரல் நனைந்து காற்றும் அடித்தால், கீழே கிளம்பும்போது வியர்த்த அதே ஆள் மேலே நடுங்குவார். குளிர்ந்த மூட்டு மடங்க மறுக்கும், இது என் அனுபவம்.

அடிவாரம் வரை இறங்கியே ஆக வேண்டும் என்று நினைக்காதீர்கள் மகளே. அடியில் நின்றால் சாரலும் சத்தமும் கிடைக்கும், உண்மைதான். ஆனால் அருவி முழுசாக, உச்சியிலிருந்து தரை வரை தெரிவது எதிர்ப்பக்கத்திலிருந்துதான். அந்தக் காலண்டர் படமும் அப்படி எங்கோ எதிரில் நின்று எடுத்ததாகத்தான் இருக்கும். அம்மா மனதில் இருக்கும் அருவி அதுதானே.

---

ஆற்றோரம் எழுதியது:

நல்ல பதில்கள். பயமுறுத்த வேண்டும் என்று இல்லை, ஆனாலும் தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லாததால் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு குழுவில் போனேன். எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். அருவிக்குக் கீழே குட்டை போன்ற இடத்தில் எல்லோரும் பாறை மேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம். கூட்டிவந்தவர் "இன்னும் அந்தப் பக்கம் போங்க, நல்லா வரும்" என்று உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார். தெளிந்த தண்ணீரில் சருகு வர ஆரம்பித்தது. பிறகு சின்னச் சின்னக் குச்சி. நிறம் தேநீர் மாதிரி மாறியது. என்னோடு வந்த ஒரு பெரியவர், ஆற்றங்கரையில் வளர்ந்தவர், எல்லோரையும் கையைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினார். பத்து நிமிடத்துக்குள் நாங்கள் நின்ற பாறை தெரியவில்லை. கூட்டிவந்தவருக்கு அந்த அறிகுறி எதுவுமே தெரிந்திருக்கவில்லை என்பதை இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது.

மழை நாம் நிற்கும் இடத்தில் பெய்ய வேண்டியதில்லை, மேலே நீர்ப்பிடிப்பில் பெய்தால் போதும். நிறம் கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, இரைச்சல் திடீரென்று கனப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் அடுத்ததற்குக் காத்திருக்கக் கூடாது. பையை எடுக்கவும் திரும்பக் கூடாது. நேராக மேட்டுக்கு.

அருவி விழும் இடத்துக்கு நேர் கீழே நீந்தத் தெரிந்தவர்களும் போகக் கூடாது. அங்கே நுரைக்கும் தண்ணீரில் பாதி காற்று, உடம்பைத் தாங்காது. விழும் தண்ணீர் கீழே அமுக்கிச் சுழற்றிக்கொண்டே இருக்கும். அருவியின் தலைப்பக்கம், மேலே விளிம்பில், கணுக்கால் அளவு தண்ணீர்கூட ஆளைத் தள்ளிவிடும்.

மேலே அணை இருக்கிறதா என்றும் கேளுங்கள். கர்நாடகத்து ஜோக் அருவி 253 மீட்டர், அதற்கு மேலே லிங்கனமக்கி அணை. அணையில் தண்ணீர் விட்டால் ஒரு தோற்றம், விடாத நாளில் வேறு தோற்றம். அமெரிக்காவின் யோசெமிட்டி அருவி 739 மீட்டர் உயரம். பனி உருகும் மே, ஜூனில் இடி மாதிரி விழும், ஆகஸ்டில் போனால் பல வருடங்களில் ஈரப்பாறைதான் இருக்கும். இணையத்தில் இருக்கும் படம் எந்த மாதத்தில் எடுத்தது என்று யாரும் எழுதுவதில்லை. "போன வாரம் எடுத்த போட்டோ ஒன்று அனுப்புங்கள்" என்று கேட்டு வாங்குங்கள்.

---

சாரல் எழுதியது:

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு இடத்துக்கும் போன் செய்தேன்.

ஏழு இடக்காரர்களிடம் எந்த இடம் முதலில் என்றேன். "வழியில எது முதல்ல வருதோ அது" என்றார்கள். படி எத்தனை என்றதற்கு "எல்லாரும் இறங்குறாங்க மேடம்."

எட்டுப் பேர் வேனில் ஓட்டுநரே பேசினார். வியூ பாயின்ட் இரண்டும் காலை ஒன்பதரைக்குள் முடித்துவிடுவோம், பிறகு மேகம் ஏறும் என்று அவராகவே சொன்னார். வளைவுக்காரன் அண்ணா, உங்கள் குரலே கேட்ட மாதிரி இருந்தது. முதல் அருவிக்கு 212 படி, அறுபதாவது படியில் ஒரு தளமும் பெஞ்சும் இருக்கிறது, அங்கிருந்தே அருவி முழுசாகத் தெரியும், அம்மா அங்கேயே இருக்கலாம் என்றார். இரண்டாவது அருவிக்குப் படியே இல்லை. மேலே அணை எதுவும் இல்லை, மழை எச்சரிக்கை வந்தால் பயணமே கிடையாது, பணம் திரும்ப வரும். போன வாரப் போட்டோவும் வந்தது. முன் சீட்டு அம்மா பெயரில் எழுதிவிட்டார்கள்.

அக்கா, கைத்தடி வாங்கியாயிற்று. "இது கிழவிங்க வச்சுக்கறது" என்று முதல் நாள் மூலையில் சாத்தி வைத்தார். இப்போது வாசல்படியில் தினம் பத்து முறை.

---

சாரல் எழுதியது:

போய் வந்துவிட்டோம்.

ஏறும்போது ஒவ்வொரு வளைவுக்கும் நான் "இடது, வலது" சொல்லிக்கொண்டே வந்தேன். பாதி மலையில் அம்மாவே சொல்ல ஆரம்பித்துவிட்டார், ஓட்டுநருக்கு முன்னால். ஒரே ஒருமுறை வண்டியை நிறுத்தச் சொன்னோம், இறங்கிக் காற்று வாங்கியதும் சரியாகிவிட்டது. மாத்திரை டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார்.

முதல் வியூ பாயின்ட்டில் பஞ்சுக் கடல் இருந்தது. இரண்டாவது பாதி மூடியிருந்தது, அதில் எனக்கு வருத்தமே இல்லை.

அறுபது படியை அம்மா வாய்விட்டு எண்ணிக்கொண்டே இறங்கினார். பெஞ்சில் உட்கார்ந்தவர் முதல் பத்து நிமிடம் ஒன்றுமே பேசவில்லை. மற்றவர்கள் கீழே போய்விட்டார்கள். நான் போகவில்லை, பக்கத்திலேயே இருந்தேன். காற்று எங்கள் பக்கம் திரும்பியபோது சாரல் வந்து முகத்தில் பட்டது, துடைக்கவில்லை. 50 நிமிடம். அப்பாவைப் பற்றி எதுவும் பேசவில்லை. கிளம்பும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை: "ராத்திரியிலும் இது இப்படியேதான் விழுந்துகிட்டு இருக்குமா, யாருமே பார்க்கலைன்னாலும்?"

---

வளைவுக்காரன் எழுதியது:

படிச்சிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன் தங்கச்சி.

அம்மாகிட்ட சொல்லுங்க, அவங்க பார்த்த அருவி ராத்திரியும் அப்படியேதான் விழும். மேலே அணை இல்லைன்னு சொன்னீங்களே, அதனால நிறுத்தி வைக்க ஆளே இல்லை. நயாகராவுலதான் ராத்திரி குறைப்பாங்க. 1950-ல அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் போட்டுக்கிட்டாங்க: சுற்றுலா மாசங்கள்ல ஆளுங்க பார்க்கிற நேரத்துக்கு விநாடிக்குக் குறைஞ்சது 2,832 கன மீட்டர் தண்ணி அருவியில விழணும், மத்த நேரத்துல அதுல பாதி விழுந்தாப் போதும். மிச்சத்தைச் சுரங்கக் குழாய் வழியாத் திருப்பி மின்சாரம் எடுக்கறாங்க.

---

சாரல் எழுதியது:

வாசித்துக் காட்டினேன் அண்ணா. "நம்மளோடதுல குறைக்க மாட்டாங்கல்ல?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். ஓட்டுநர் எடுத்துக் கொடுத்த போட்டோவைப் பிரின்ட் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார், பீரோக் கதவில் அந்தப் படத்துக்குக் கீழே இடம் இருக்கிறதாம்.